குரல் கொடுப்போர்க்கு ஹெட்போன் வேண்டுமா?

திரைப்படத்துக்கும் வானொலி நாடகத்துக்கும் குரல் கொடுப்போர், பதிவு நடக்கும்பொழுது காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாமா, கூடாதா என்பது ஒலிப்பதிவுக் கூடங்களில் அடிக்கடி எழும் கேள்வி. சிலர் அஃது இல்லாமல் வாய் திறக்கமாட்டார்கள். சிலர் அதைத் தொடவும் மாட்டார்கள். இரு சாராரும் தத்தம் பழக்கத்தையே சான்றாகக் காட்டுவர். பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பௌதிகமும் உடலியலும் இதுபற்றி என்ன கூறுகின்றன என்று நோக்கினால் விடை தெளிவாகவே கிடைக்கிறது.

இக்கேள்வி நடிகர்களுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியும் சில நூறு ரூபாய் மைக்கும் இருந்தால் இன்று விடுதி அறையே ஒலிப்பதிவுக் கூடம் ஆகிவிடுகிறது. பார்வையற்ற தோழர்களுக்காகப் பாடநூல்களைப் படித்துப் பதிவு செய்து தரும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் இந்நகரில் வளரும் குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பதிந்து அனுப்புவோரும் உண்டு. கேட்பவர் நம் முகத்தைக் காணமாட்டார். ஒரு பாடம் முழுவதையும், ஒரு கதை முழுவதையும், நம் குரல் ஒன்றின் வழியாகவே பெறப் போகிறார். அக்குரல் தெளிவாகவும் இயல்பாகவும் போய்ச் சேர வேண்டுமே என்னும் கவலை நமக்கு இருத்தல் வேண்டும்.

ஒலிக்குப் பேர்போன நகரம்

ஒலியைப் பற்றி எண்ணுவதற்கு நாம் வாழும் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான இடம் அரிது. சி. வி. இராமன் 1907ஆம் ஆண்டில் அரசாங்க நிதித் துறை அதிகாரியாக இங்கு வந்தார். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி நடத்தினார். ஒளியால் உலகப் புகழ் பெறுமுன் அவர் மிகுதியாக ஆராய்ந்தது ஒலியைத்தான். சாதாரண முரசு இன்னிசைச் சுரம் தருவதில்லை. மிருதங்கமும் தபலாவும் மட்டும் தருகின்றனவே, ஏன் என்று கேட்டார். தோலின் நடுவே அப்பிய கருஞ்சாந்தின் எடையே காரணம் என்பதைச் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நாள்தோறும் காதில் விழும் ஓசையைக் கேள்வியாக மாற்றும் கலையை அவரிடமிருந்து நாம் கற்கலாம்.

இந்நகரில் வானொலி நிலையம் 1927 ஆகஸ்டு 26 அன்று கார்ஸ்டின் பிளேசில் தொடங்கிற்று. மகாளய அமாவாசை விடியலில் வங்காளிகள் வீடுதோறும் கேட்கும் ‘மகிஷாசுரமர்த்தினி’ அந்நிலையத்தில் பிறந்தது. பாணிகுமார் எழுத, பங்கஜ் குமார் மல்லிக் இசையமைக்க, பீரேந்திர கிருஷ்ண பத்ரர் ஓதினார். பதிவு நாடா வழக்கத்துக்கு வருமுன் பல ஆண்டுகள் அது நேரடியாகவே ஒலிபரப்பாயிற்று. இன்றும் இந்நகரத்தார் குரலுக்குக் காது கொடுப்பவர்கள். 2009இல் மிர்ச்சி வானொலி தொடங்கிய ‘சண்டே சஸ்பென்ஸ்’ என்னும் கதை நிகழ்ச்சிக்குக் கிடைத்த வரவேற்பே அதற்குச் சான்று.

நேரடி ஒலிபரப்பின் அமைப்பை மனத்தில் கொள்ளுங்கள். ஓதுவோரும் பாடுவோரும் இசைப்போரும் ஒரே கூடத்தில் கூடியிருப்பர். ஒருவர் குரல் மற்றவர் காதுக்குக் காற்றின் வழியே செல்லும். மைக்கில் எப்படி விழுகிறது என்பதைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் என்ஜினீயர் கேட்டுக்கொள்வார். பேசுவோர் காதும், கேட்போர் காதும் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தன. இந்த வேலைப் பிரிவினையை மறவாதிருந்தால், பின்னால் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

டப்பிங் வந்த கதை

திரைப்படத்தில் குரலையும் உருவையும் பிரிக்கும் வழக்கத்துக்கும் இந்நகரம் தொடர்புடையது. நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் நிதின் போஸ் இயக்கத்தில் 1935இல் எடுத்த ‘பாக்ய சக்ர’ என்னும் படத்தில் பின்னணிப் பாட்டு முறை வந்தது. 1937இல் வெளிவந்த தமிழ்ப் படங்களான ‘சிந்தாமணி’யும் ‘அம்பிகாபதி’யும் இந்நகரில் படமாக்கப்பட்டவையே. பின்னர் ஏ.வி.எம். நிறுவனம் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’ படத்தைத் தமிழ்க் குரலிட்டு 1944இல் வெளியிட்டது. டப்பிங்குக்கு நம் நாட்டில் முன்னோடி என்று அதைச் சொல்வர்.

பழைய டப்பிங் முறையில் படச்சுருளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அக்காட்சியில் பேசுவோர் அனைவரும் மைக்கைச் சுற்றி நின்று சேர்ந்து பேசுவர். ஒருவர் தடுக்கினால் எல்லோரும் மறுபடி பேச வேண்டும். தொல்லைதான், ஆயினும் எதிராளியின் குரல் பக்கத்திலிருந்தே காதில் விழுந்தது. கணிப்பொறி வந்தபின் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, தம் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போகின்றனர். அண்ணனும் தங்கையும் சண்டையிடும் காட்சியில், அண்ணன் திங்களன்று பேசுவார். தங்கை வியாழனன்று பேசுவார். பக்கத்தில் நின்ற மனிதரின் இடத்தை ஹெட்போன் பிடித்துக்கொண்டது.

ஆகவே டப்பிங்கில் ஹெட்போன் தேவை என்பதில் ஐயமில்லை. மூல நடிகர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே விம்மினார், எந்த எழுத்தில் உதடு மூடினார் என்பதைக் கேட்டாக வேண்டும். கமல்ஹாசனின் படங்கள் பல தெலுங்கில் வந்தபொழுது எஸ். பி. பாலசுப்பிரமணியம் குரல் கொடுத்தார். இன்னொருவர் மூச்சைக் கூர்ந்து கேளாமல் இத்தகைய வேலை கைகூடாது. அந்த மூலக் குரலை ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்டாலோ, அதுவும் மைக்கில் புகுந்து பதிவைக் கெடுத்துவிடும். ஆதலால் காதை மூடும் ஹெட்போன் வழியாகவே அது வருகிறது.

ஆனால், பிறர் குரலைக் கேட்பதற்கு ஹெட்போன் அணிவது வேறு. தன் குரலைத் தானே கேட்பதற்கு அணிவது வேறு. குழப்பம் எழுவது இரண்டாவதில்தான்.

தன் குரலைத் தான் கேட்கும் இரு வழிகள்

நாம் பேசும்பொழுது நம் குரல் நமக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வாயிலிருந்து காற்றின் வழியாகச் செவிக்கு வருவது. மற்றொன்று, தொண்டையின் அதிர்வு தாடை எலும்பு, மண்டையோடு ஆகியவற்றின் வழியாக உட்செவியை அடைவது. செவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1961இல் நோபல் பரிசு பெற்ற பெக்கெஷி, இவ்விரண்டு வழிகளாலும் வரும் ஒலி ஏறத்தாழ ஒரே அளவினது என்று 1949இல் காட்டினார். எலும்பு வழி வரும் ஒலியில் தாழ்ந்த அதிர்வுகள் மிகுதி. பதிவான நம் குரலை முதன்முறை கேட்கும்பொழுது ‘இது என் குரலா, இவ்வளவு மெலிந்திருக்கிறதே’ என்று வியக்கிறோம் அல்லவா? பதிவில் எலும்பு வழி ஒலி இல்லாததே அதற்குக் காரணம்.

எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகிறது என்றார். ஒலி வாயில் மட்டும் பிறப்பதன்று. தலையும் நெஞ்சும் அதில் பங்கு கொள்கின்றன என்பதை அவர் கண்டிருந்தார். அந்தத் தலையதிர்வே நம் காதை உள்ளிருந்தும் எட்டுகிறது.

இப்பொழுது ஒரு சோதனை செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டி ஒலியுங்கள். ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். ஒலி உடனே அந்தப் பக்கம் ஓடி, பெருத்துக் கேட்கும். தாடையின் அதிர்வால் செவிக் குழாயின் சுவர் அதிர்கிறது. குழாய் திறந்திருந்தால் தாழ்ந்த அதிர்வுகள் வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளே சிறைப்பட்டுச் செவிப்பறையைத் தாக்கும். காது நன்றாக அடைபட்டால் தாழ்ந்த சுருதிகள் 20 டெசிபல் வரைகூட உயர்வதுண்டு. அதாவது ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது. ஹெட்போனின் கிண்ணம் விரலைப் போல இறுக அடைப்பதில்லை எனினும், அதே திசையில்தான் வேலை செய்கிறது.

இதனால் விளைவது யாது? காதை மூடும் ஹெட்போனுடன் பேசுகிறவர் தம் குரலை உண்மையில் உள்ளதைவிடக் கனமாகக் கேட்கிறார். கம்பீரமாகப் பேசுவதாக எண்ணுகிறார். கேட்பவருக்கோ அந்தக் கனம் போய்ச் சேர்வதில்லை. மைக்கிலிருந்து திரும்பி வரும் ஒலி ஹெட்போனில் கலந்து இக்குறையைச் சற்று ஈடுசெய்யும், முற்றும் நீக்காது.

காது மாறினால் குரல் மாறும்

பிரான்சு நாட்டு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பேசிக்கொண்டிருப்பவர் காதில் இரைச்சலைச் செலுத்தினால், அவரை அறியாமலே குரல் உயர்கிறது. இரைச்சலை நிறுத்தினால் தாழ்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவருடைய குரலையே பெருக்கி அவர் காதில் திருப்பி விட்டால், அவர் தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்துகிறார். தொலைபேசிக் கருவி அமைப்போர் இதை நெடுநாளாக அறிவர்.

குரல் கொடுப்போர்க்கு இஃது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். ஹெட்போனில் தம் குரலை உரக்க வைத்துக்கொண்டால், மகனை இழந்த தாய் கதறும் இடத்தில்கூடக் கதறல் பாதியிலேயே அடங்கிவிடும். ‘போதும், காது நிறைந்துவிட்டது’ என்று காது சொல்ல, தொண்டை கீழ்ப்படிகிறது. மிகவும் தாழ்வாக வைத்துக்கொண்டாலோ, காது மூடியிருப்பதால் வெளிக்குரல் கேளாமல், வேண்டியதற்கு மேல் கத்த நேரும். ஒலியளவைத் திருகும் ஒரு சிறு குமிழ் நடிப்பையே திருகிவிடுகிறது.

தாமதம் என்னும் பகை

மூன்றாவது இடர் காலத்தால் வருவது. பெர்னார்ட் லீ என்பவர் 1950இல், பேசுவோர் குரலைச் சற்றுத் தாமதித்து அவர் காதில் செலுத்தினால் நா குழறுகிறது என்று காட்டினார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செகண்டு, அதாவது 200 மில்லி செகண்டு தாமதத்தில் குழறல் மிகுதியாகிறது என்பது பின்னர் நடந்த சோதனைகளால் தெரியவந்தது. எழுத்துகள் இரட்டிக்கும், சொற்கள் இழுபடும்.

கணிப்பொறியில் பதிவு செய்யும்பொழுது தாமதம் தானே வந்து சேர்கிறது. செகண்டுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், பொறி 512 மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஒருமிக்க அனுப்பினால், அதற்கே ஏறத்தாழ 11.6 மில்லி செகண்டு ஆகிறது. போக, வர இருமுறை கணக்கிட்டால் 23 மில்லி செகண்டுக்கு மேல். கம்பியில்லா ப்ளூடூத் ஹெட்போனிலோ நூறு மில்லி செகண்டுக்கு மேற்பட்ட தாமதம் சாதாரணம். அதை அணிந்து தன் குரலைக் கேட்டுக்கொண்டே பேசுவது, லீயின் சோதனைக்குத் தானே போய் உட்காருவதற்குச் சமம்.

மிகச் சிறிய தாமதமும் சும்மா விடுவதில்லை. எலும்பு வழி வரும் குரல் உடனே வருகிறது. ஹெட்போன் வழி வருவது 2 மில்லி செகண்டு பிந்தி வருகிறது என்று கொள்வோம். 250 ஹெர்ட்ஸ் அலைக்கு ஓர் அதிர்வின் காலம் 4 மில்லி செகண்டு. ஆகவே ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து அவ்வலை தேய்கிறது. 750, 1250 ஹெர்ட்ஸ் அலைகளுக்கும் இதே கதி. சீப்பின் பற்கள்போல இடையிடையே ஒலி குறைந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பதிவில் அக்குறை இராது. பேசுவோர் காதில் மட்டும் இருக்கும். தம் குரல் கெட்டுவிட்டதோ என்று அவர் வீணே திருத்தத் தொடங்குவார்.

ஹெட்போன் செய்யும் உதவி

இவ்வளவும் சொன்னதால் ஹெட்போனைத் தள்ளிவிட வேண்டும் என்று கொள்ளற்க. மைக்கின் காது நம் காதன்று. மின்விசிறியின் சுழற்சி, சட்டை உரசல், காகிதம் புரள்வது, தெருவில் பேருந்தின் ஹாரன் ஆகியவற்றை நம் மனம் தானே ஒதுக்கிவிடுகிறது, மைக் ஒதுக்குவதில்லை. ஹெட்போன் அணிந்து இரண்டு நிமிடம் அறையைக் கேட்டால் அத்தனையும் வெளிப்படும். மைக்குக்கு எவ்வளவு தொலைவில் நிற்பது, எந்தக் கோணத்தில் பேசுவது என்பதையும் அப்பொழுதே முடிவு செய்யலாம்.

இங்கே மொழியின் இயல்பும் நோக்கத்தக்கது. தமிழ்ப் பகரம் மூச்சு மிகாமல் பிறப்பது. ஆதலால் மைக்கில் காற்று வந்து மோதும் ‘பொத்’ என்னும் ஓசை குறைவு. வங்காளத்திலோ மூச்சொலி கலந்த எழுத்துகள் மிகுதி. ஆங்கிலத்திலும் சொல்லின் முதலில் வரும் பகர ஒலி மூச்சுடன் பிறக்கிறது. அம்மொழிகள் கலந்த பாடத்தைப் படிக்கும்பொழுது முகத்தைச் சற்றுத் திருப்பிப் பேச வேண்டியிருக்கும். எவ்வளவு திருப்புவது என்பதை ஹெட்போன் சொல்லிக்கொடுக்கும்.

காதில் ஒலிக்கும் அயல் இசை

டப்பிங்கில் ஹெட்போன் தவிர்க்கலாகாதது என்றோம். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கில வாக்கியத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னரே வந்துவிடும். தமிழில் ‘நான் அங்கே போக மாட்டேன்’ என்று இறுதியில்தான் மறுப்பு விழும். மூல நடிகரின் குரல் தொடக்கத்திலேயே உச்சத்தை எட்டிவிட, அதைக் காதில் முழுக்க வாங்கிக்கொண்டு பேசும் தமிழ்க் கலைஞர் ‘நான்’ என்பதிலேயே ஆத்திரத்தைக் கொட்டிவிட்டு, ‘மாட்டேன்’ என்னும் உயிர்ச்சொல்லை மெலிந்து விடுகிறார். சொற்கள் தமிழாகவும் இசை அயலாகவும் ஒலிக்கும் டப்பிங் படங்களை நாம் கேட்டிருக்கிறோம். வங்காளத்தில் மறுப்பு நம்மைப்போல் இறுதியிலேயே வருவதால் இவ்விடர் அங்குக் குறைவு.

இதற்கு வழி, மூலத்தை இரண்டு மூன்று முறை இரு காதாலும் நன்றாகக் கேட்டுவிட்டு, பேசும்பொழுது அதன் அளவைத் தாழ்த்திக்கொள்வதே. ஒரு காதில் மட்டும் மாட்டி, மற்றதைத் திறந்து வைப்பதும் பலர் கைக்கொள்ளும் முறை. திறந்த காது தன் குரலைக் காற்றின் வழியே இயல்பாகக் கேட்கிறது. மூடிய காது வழிகாட்டியைக் கேட்கிறது. திறந்துவிட்ட கிண்ணத்திலிருந்து ஒலி கசிந்து மைக்கில் புகாதபடி அப்பக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

முடிவாகச் சில முறைகள்

இதுவரை கண்டவற்றைக் கொண்டு நாம் பின்பற்றத்தக்க முறைகளைத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது: பிறருடைய குரலையோ இசையையோ இயக்குநர் சொல்வதையோ கேட்டே பேச வேண்டிய இடத்தில் ஹெட்போன் அணிக. டப்பிங், பாட்டு, எதிராளி முன்னரே பேசிப் பதிந்த நாடகம் ஆகியவை இவ்வகை.

இரண்டாவது: கதை சொல்லல், பாடம் படித்தல், தனியுரை ஆகியவற்றில், தொடங்குமுன் அணிந்து மைக்கையும் அறையையும் சோதித்துக்கொண்டு, பேசும்பொழுது கழற்றி வைத்துவிடுக. ஒரு பத்தி முடிந்ததும் பதிவானதைப் போட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்க. கேட்பதற்கு ஒரு நேரம், பேசுவதற்கு ஒரு நேரம்.

மூன்றாவது: தோழர் ஒருவர் உடனிருந்தால் ஹெட்போனை அவரிடம் கொடுத்துவிடுக. கண்ணாடிக்கு அப்பால் இருந்த என்ஜினீயர் செய்த வேலையை அவர் செய்யட்டும். ஒருவருக்கு வாயும் ஒருவருக்குக் காதும் என்னும் பழைய ஏற்பாடு இன்றும் நல்ல ஏற்பாடே.

நான்காவது: தன் குரலைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கம்பியுள்ள ஹெட்போனைக் கொள்க. மைக்கிலிருந்து கணிப்பொறிக்குப் போகாமல் நேரே காதுக்கு வரும் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துக. அளவைத் தாழ்த்தியே வைக்க.

ஐந்தாவது: காதைப் பேணுக. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும். 89 டெசிபலில் 5 மணி நேரமே மிஞ்சும். நாள் முழுதும் டப்பிங் கூடத்தில் உழைப்போர் இக்கணக்கை மறக்கலாகாது.

இம்முறைகளை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்துப் பதிவு செய்யுங்கள்: ஒரு முறை ஹெட்போன் இன்றி, ஒரு முறை தாழ்ந்த அளவில், ஒரு முறை உரத்த அளவில். எது எது என்று சொல்லாமல் ஒரு நண்பரிடம் கொடுத்து, எந்தக் குரலோடு ஒரு மணி நேரம் இருக்க விரும்புவார் என்று கேளுங்கள். அவர் தீர்ப்பே நமக்கு வேண்டியது.

இன்னுமொரு காரணம் உண்டு. வெளியூரில் வாழும் நமக்கு அஃது எல்லாவற்றினும் பெரிது. தன் குரல் பெருகிக் காதில் விழத் தொடங்கியதும் மனிதனுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. நெல்லைக்காரர் தம் இழுப்பை மறைக்கிறார். கோவைக்காரர் தம் ‘ங்க’வை விழுங்குகிறார். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர் தம் தமிழில் படிந்த வங்க இசைக்கு வெட்கி, செய்தி வாசிப்பவரின் குரலைக் கடன் வாங்குகிறார். ஏரிச் சந்தைப் பக்கம் வாழும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு நாம் பதிந்தனுப்பும் கதை, ஊரில் இருக்கும் பாட்டியின் குரலுக்கு ஈடாகப் போவது. பாட்டி கதை சொன்னபொழுது தம் குரலைக் கேட்கவில்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கின் முன் அந்தக் கண்ணை நாம் நினைவினால் கொண்டுவர வேண்டும். அதற்குக் காது இரண்டும் திறந்திருப்பது நல்லது.